இரண்டு டன் வளைவில் திரும்பும்போது

1932இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் ஒரு விசித்திரமான காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் உட்காரக்கூடிய நீண்ட லிமோசின் அது. அதன் முன்னாலும் பின்னாலும் எடைக்கட்டிகள். அவற்றை நடுவுக்கு நகர்த்துவார்கள், ஓரத்துக்குத் தள்ளுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். ஸ்பிரிங்குகளின் விறைப்பையும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். சோதனையை நடத்தியவர் மாரிஸ் ஓலி என்ற பிரிட்டிஷ் பொறியாளர். ரோல்ஸ் ராய்ஸில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு 1930 நவம்பரில் காடிலாக்கில் சேர்ந்தவர். இந்தச் சோதனையில் அளவுக் கருவி எதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. எந்த நிலையில் உடம்புக்கு இதமாக இருக்கிறது என்று வண்டிக்குள் இருந்தவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். நல்ல சவாரி எது என்று சொல்லும் அளவுகோல் அன்று எவரிடமும் இல்லாததால், மனித உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துக் கார்களில் முன் ஸ்பிரிங் விறைப்பாகவும் பின் ஸ்பிரிங் மென்மையாகவும் இருந்தன. இது தலைகீழாக இருக்க வேண்டும் என்று ஓலி கண்டுகொண்டார். பள்ளத்தில் முதலில் இறங்குவது முன்சக்கரம். பின்சக்கரம் ஒரு கணம் தாமதித்தே இறங்குகிறது. முன்பக்கம் நிதானமாகவும் பின்பக்கம் சற்று விரைவாகவும் ஆடும்படி செய்தால், தாமதமாக ஆடத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி முன்னும் பின்னும் மாறி மாறிக் குதிக்காமல் மட்டமாக எழுந்து மட்டமாகத் தாழும். முன்பக்கத்தின் விறைப்பு பின்பக்கத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருக்கட்டும் என்று அவர் வகுத்த விதி இன்றும் சஸ்பென்ஷன் பாடநூல்களின் தொடக்கத்தில் நிற்கிறது.

மென்மையான முன் ஸ்பிரிங் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அன்றைய முன் அச்சு ஒற்றை இரும்புத் தண்டு. ஸ்பிரிங் இளகியதும் அச்சு அடங்காமல் ஆடியது, ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் உதறியது. வேறு வழியில்லாமல் அச்சையே கைவிட்டு, இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனியே தொங்கவிட்டார்கள். 1934ஆம் ஆண்டின் காடிலாக், ப்யூக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் பிடிக்க மேலே குட்டையாக ஒரு கை, கீழே நீளமாக ஒரு கை என்ற அமைப்பு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஷெவர்லேயும் பான்டியாக்கும் துபோனே என்ற பிரெஞ்சுக்காரரின் வேறொரு அமைப்பை எடுத்துக்கொண்டன. நிலைத்தது முதல் வகைதான். அடுத்த 60 ஆண்டுகளுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்கள் அதன் மேலேயே நின்றன.

இந்தப் பழங்கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சவாரிச் சுகமும் வளைவில் பிடிப்பும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்தே தீரும் என்ற நம்பிக்கை கார்ப் பிரியர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வரலாறு வேறு மாதிரி நடந்திருக்கிறது. சுகத்தைத் தேடிப் போனவர்கள்தான் தனித்தனி முன் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே டயர் எப்படிப் பக்கவாட்டில் நழுவுகிறது என்று சுழல் உருளை மேல் வைத்து அளந்தார்கள். வேகம் கூடும்போது வளைவைவிட்டு வெளியே போகப் பார்ப்பது அண்டர்ஸ்டியர், பின்பக்கம் வீசிக்கொண்டு உள்ளே திரும்புவது ஓவர்ஸ்டியர் என்ற பாகுபாடு பொறியாளர்களிடையே நிலைபெற்றதில் ஓலிக்கும் அவருடைய சகாக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பஞ்சு மெத்தை போன்ற காடிலாக்கை உருவாக்கியவரே பின்னாளில், 1950களின் தொடக்கத்தில், கார்வெட் என்ற பந்தய மனம் கொண்ட காரின் சேஸிஸையும் வரைந்து கொடுத்தார். இரண்டையும் செய்தது ஒரே அறிவு.

ஆனால் 1970களின் அமெரிக்கப் பெரிய காரில் ஏறி உட்காருகிறவருக்கு இதையெல்லாம் நம்புவது கடினம். 1976ஆம் ஆண்டின் ஷெவர்லே கப்ரீஸை எடுத்துக்கொள்வோம். நீளம் 5.66 மீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் மட்டும் 3 மீட்டருக்கு மேல். ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் எடை இரண்டு டன்னைத் தாண்டும். 1956இன் நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் போடப்பட்ட நேரான அகலமான சாலைகளில் நாள் முழுக்கக் களைப்பில்லாமல் போவதற்காகவே செய்யப்பட்ட வண்டி. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்தது. நெடுஞ்சாலையைவிட்டு மலைப்பாதைக்குத் திரும்பினால்தான் சங்கடம். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி யோசித்துவிட்டுத் திரும்பும். ஒரு பக்கமாகச் சாயும். முன்டயர் கிறீச்சிடும். மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடித்தான் அடங்கும்.

இதைப் பார்த்தவுடன் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது, விறைப்பான ஸ்பிரிங் போடு, வண்டியைத் தாழ்த்து என்கிறார்கள். பெரிய பழைய கார்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களில் பெரும்பகுதி இந்த ஒரே தீர்ப்பிலிருந்து வந்தது.

சாய்வதும் எடை இடம் மாறுவதும் ஒன்றல்ல. வளைவில் திரும்பும் எந்தக் காரிலும் உள்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து வெளிச்சக்கரத்தின் மேல் கூடுகிறது. ஒரே வளைவை ஒரே வேகத்தில் எடுக்கும்போது எவ்வளவு பாரம் மாறும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வண்டியின் மொத்த எடை, எடை மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம். ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கல்லைப் போல் சாயாமல் திரும்பும் வண்டியிலும் அதே பாரம் மாறத்தான் செய்கிறது. அப்படியானால் சாய்வில் என்ன கெடுதல்? சாயும் உடல் தன்னோடு சக்கரத்தையும் சாய்த்துவிடுவதுதான் கெடுதல். பழைய கார்களின் முன்பக்கக் கைகள் அமைந்த கோணத்தால், உடல் சாயும்போது வெளிப்பக்க முன்டயரும் வெளியே சாய்ந்து தன் தோளில் நிற்கிறது. சாலையைத் தொடவேண்டிய ரப்பரில் பாதி சும்மா இருக்கிறது. மோசமான டயரும் சோர்ந்த ஷாக் அப்சார்பரும் இதோடு சேர்ந்தால், குற்றவாளி ஸ்பிரிங் என்ற தோற்றம் வருகிறது.

பிழை வேறெங்கோ இருந்தது என்பதை ஜெனரல் மோட்டார்ஸே நிரூபித்தது. 1977இல் கப்ரீஸும் அதன் உடன்பிறப்பான இம்பாலாவும் சுருங்கின. நீளம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் குறைந்தது, எடை 300 கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு மோட்டார் ட்ரெண்ட் இதழ் கப்ரீஸை ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. வாங்குகிறவர் கூடுதலாகக் கேட்டால் எஃப்41 என்ற குறியீட்டில் ஒரு சஸ்பென்ஷன் தொகுப்பும் கிடைத்தது. முன்னால் தடித்த ஆன்டி ரோல் பார், பின்னாலும் ஒரு பார், சற்றே விறைப்பான ஸ்பிரிங், வலுவான ஷாக். இவ்வளவுதான். ஆன்டி ரோல் பார் என்பது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கினால் அது தன் பிடியில் சும்மா சுழலும், சுகம் கெடாது. ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். மென்மையான ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு சாய்வை மட்டும் தடுக்க இதைவிட எளிய கருவி இல்லை. வளைந்த ஒரு எஃகுக் கம்பிதான். தடித்த முன் பாரையும் பின் பாரையும் எல்லா வண்டியிலும் போடாமல் கேட்டவருக்கு மட்டும் கொடுத்தது வருத்தத்துக்குரிய சிக்கனம். அதே ஷெவர்லே தன் கார்வேர் காரில் முன் பாரை 1964 வரை பொதுவில் பொருத்தாமல் விட்டதும், அந்தக் காரின் நிலைத்தன்மை பற்றி ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியதும் நினைவுக்கு வருகின்றன.

பெரிய காரை நன்றாகத் திருப்பும் கலையைப் பிறகு வளர்த்தவர்கள் போலீஸ்காரர்கள். 9சி1 என்ற குறியீட்டில் போலீஸுக்கென விற்கப்பட்ட இம்பாலாவும் கப்ரீஸும் 1996 வரை தயாரிக்கப்பட்டு அமெரிக்க நகரங்களில் ஓடின. மிச்சிகன் மாநிலப் போலீஸ் ஆண்டுதோறும் போலீஸ் வாகனங்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. கிராட்டன் பந்தயத் தடத்தின் மேடுபள்ளமான வளைவுகளில் இந்த நாற்கதவு வண்டிகளைச் சுற்றச் சுற்ற ஓட்டி நேரம் குறித்தார்கள். நாளெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் காவலருக்கு முதுகு வலிக்கக்கூடாது. திடீரென்று துரத்த நேர்ந்தால் வண்டி சாலையைவிட்டுப் போகவும் கூடாது. இரண்டையும் ஒரே வண்டியிடம் கேட்டதால், விடையும் இரண்டுக்கும் பொருந்துவதாகவே வந்தது.

1994இல் அந்தப் போலீஸ் வண்டியின் எலும்பு மேல் கறுப்பு வண்ணம் பூசி, 17 அங்குலச் சக்கரமும் 255/50 அளவு டயரும் மாட்டி, ஓர் அங்குலம் மட்டும் தாழ்த்தி, இம்பாலா எஸ்எஸ் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றார்கள். 5.7 லிட்டர் எஞ்ஜின், 260 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஷாக் அப்சார்பர்கள் தெ கார்போன் வகை. எண்ணெயையும் அழுத்தமேற்றிய வாயுவையும் ஒரே குழாயில் மிதக்கும் தடுப்பால் பிரித்து வைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிரெஞ்சுப் பொறியாளரின் பெயர் அது. மேடுபள்ளத்தில் தொடர்ந்து அடிபடும்போது சாதாரண ஷாக்கில் எண்ணெய் நுரைத்துவிடுகிறது. நுரைத்த எண்ணெய் எதையும் தடுக்காது. வாயு அழுத்தம் அந்த நுரைப்பை ஒடுக்குகிறது. இரண்டு டன் எடையைத் தாங்கும் மென்மையான ஸ்பிரிங்குக்கு இது பெரிய விஷயம். ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைச் செலவழித்துத் தீர்க்க வேண்டியது ஷாக். ஆட்டம் இரண்டு மூன்று முறை தொடர்கிறதென்றால் செலவழிக்க வேண்டியவர் வேலை செய்யவில்லை என்று பொருள்.

இம்பாலா எஸ்எஸ் புதிய கண்டுபிடிப்பு எதையும் கொண்டிருக்கவில்லை. அதன் சேஸிஸ் அடிப்படையில் 1977இல் வந்ததுதான். டயர், ஷாக், பார், உயரம் ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்ததில்தான் அதன் சிறப்பு. பழைய பெரிய கார் வைத்திருப்பவர்கள் இன்றும் படித்துப் பின்பற்றக்கூடிய மிகச் சிறந்த பாடநூல் அந்தக் கார்.

அமெரிக்காவில் அப்படிப் பின்பற்றுகிறவர்கள் ஏராளம். வீட்டுக் கொட்டகையில் 1960களின் இம்பாலாவையோ 1970களின் கப்ரீஸையோ ஜாக்கியில் ஏற்றி வைத்து வார இறுதிகளில் கீழே படுத்துக்கொள்கிறவர்கள். பழுதடைந்து உடைப்பிடத்துக்கு வந்த போலீஸ் கப்ரீஸின் பின் பாரைக் கழற்றிக் கொண்டுவந்து தங்கள் வண்டியின் கீழ்க் கைகளில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். இவர்களில் அனுபவசாலிகள் சொல்லும் ஒரு விஷயம் புதியவர்களுக்கு ஏமாற்றம் தரும். முதல் ஆண்டு எதையும் மாற்றாதே, இருப்பதைச் சரிசெய் என்பதுதான் அது.

50 ஆண்டு ஓடிய காரில் முதலில் சாவது ரப்பர். சஸ்பென்ஷன் கைகள் சேஸிஸோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள் உண்டு. வயதான முழங்காலில் குருத்தெலும்பு தேய்வதைப் போல அவை வற்றி, வெடித்து, ஒரு பக்கமாக அமுங்கிப் போகின்றன. அப்போது சக்கரம் நிற்கவேண்டிய கோணத்தில் நிற்பதில்லை, பிரேக் போட்டால் ஒரு கோணம், விட்டால் ஒரு கோணம். பட்டறையில் எத்தனை முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாலும் சாலைக்கு வந்ததும் அது கலைந்துவிடும். உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலும் ரப்பர் மெத்தைகள் உண்டு. அவையும் பொடியாகியிருக்கும். வண்டி யோசித்துவிட்டுத் திரும்புவதில் பாதி இந்த ரப்பர்களின் தாமதம். இவற்றையும் பால் ஜாயின்ட்களையும் டை ராட் முனைகளையும் மாற்றினாலே, புதிதாக எதையும் சேர்க்காமலே, வண்டி பத்து வயது குறைந்ததுபோல் ஆகிவிடுகிறது.

புஷ் மாற்றும்போது பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதன் உள்குழாய் போல்டோடு இறுகிவிடும், வெளிக்குழாய் கையோடு நகரும், நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கை வாங்குகிறது. வண்டியைத் தூக்கிவைத்துச் சக்கரம் தொங்கும் நிலையில் போல்டை முடுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். சில மாதங்களில் கிழியும், வண்டியின் உயரமும் தவறாக நிற்கும். சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையையும் ஏற்ற பிறகே அந்தப் போல்ட்களைக் கடைசியாக முடுக்க வேண்டும். புத்தம்புது புஷ் போட்டும் வண்டி சரியாகவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போட்டால் இன்னும் கூர்மை வருமே என்ற ஆசை அடுத்து வரும். முன்பக்கத்தில் அளவோடு போடலாம். பின்பக்கத்தில் ஆபத்து. 1970களின் கப்ரீஸ் போன்ற கார்களின் பின்னச்சு ஒரே திடமான தண்டு. அதை நான்கு கைகள் பிடித்திருக்கின்றன. கீழே இரண்டு ஏறக்குறைய நேராகவும், மேலே இரண்டு சாய்வாகவும் இருக்கும். அச்சு பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்வது மேல் கைகளின் அந்தச் சாய்வுதான். உடல் ஒரு பக்கம் சாயும்போது நான்கு கைகளும் நான்கு வெவ்வேறு வட்டப் பாதைகளில் போக விரும்புகின்றன. ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தால்தான் அச்சு அசைய முடியும். விட்டுக்கொடுப்பது ரப்பர். இதை வடிவமைத்தவர்கள் ரப்பரின் நெகிழ்வையும் கணக்கில் சேர்த்தே வரைந்தார்கள். அந்த இடத்தில் நெகிழாத பொருளை வைத்தால் கைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி அச்சு இறுகிக்கொள்கிறது. ஒரு அளவுவரை வண்டி அருமையாகத் திரும்பும், பிறகு முன்னறிவிப்பில்லாமல் பின்பக்கம் வீசிவிடும். ஓட்டுகிறவருக்குச் செய்தி சொல்லாமல் பிடி விடுகிற கார், ஆரம்பத்திலிருந்தே மெதுவாக நழுவுகிற காரைவிட எத்தனையோ மடங்கு கெட்டது.

டயரைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பல 1960களின் கார்கள் குறுக்கு இழை டயர்களை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. மிஷலின் நிறுவனம் ரேடியல் டயரைப் போருக்குப் பின் 1940களிலேயே கொண்டுவந்துவிட்டாலும், அமெரிக்கக் கார்களில் ரேடியல் தொழிற்சாலையிலிருந்தே வந்த முதல் வண்டிகளில் ஒன்று 1970இன் லிங்கன் காண்டினென்டல் மார்க் 3. நல்ல ரேடியல் டயர் மாட்டிய பழைய இம்பாலா வேறு வண்டி. 15 அங்குலச் சக்கரமே போதும். போலீஸ் கப்ரீஸ் 225/70 அளவு டயரோடு அந்தச் சக்கரத்தில்தான் ஓடியது. 20, 22 அங்குலச் சக்கரங்கள் ஸ்பிரிங்குக்குக் கீழே எடையைக் கூட்டி, எந்த மென்மைக்காக இந்தக் கார் பிறந்ததோ அதைக் கொல்கின்றன.

அலைன்மென்ட் எண்களையும் பழைய கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம் காஸ்டர். அன்று அதைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்தார்கள், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பக் கை வலிக்கக் கூடாது என்பதற்காக. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. காஸ்டரைச் சில பாகை கூட்டினால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே வெளிப்பக்க டயர் வளைவின் உள்பக்கம் சாய்ந்து, உடலின் சாய்வால் இழந்ததில் கொஞ்சத்தை மீட்டுக்கொடுக்கிறது. நெடுஞ்சாலையிலும் ஸ்டியரிங் தானே நேராக வந்து நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் மேல் கையின் பின்னால் வைக்கும் சில தகடுகளை மாற்றினால் போதும், செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. இவ்வளவு மலிவான மாற்றம் இவ்வளவு பெரிய பலனைத் தருவது கார்களில் அரிது.

முன் பார் விஷயத்தில் பாடநூலும் அனுபவமும் முரண்படுவதுபோல் ஓர் இடம் உண்டு. முன்பக்கம் தடித்த பார் போட்டால் முன்டயரில் பாரம் ஏறி அண்டர்ஸ்டியர் கூடும் என்பது விதி. பழைய பெரிய காரில் பல சமயம் நேர்மாறாக, முன்பக்கம் நன்றாகப் பிடிக்கத் தொடங்குகிறது. சாய்வு குறைந்ததால் டயர் தன் தோளிலிருந்து இறங்கி முழுப் பாதத்தில் நிற்கிறது. அதில் கிடைக்கும் லாபம் பாரம் ஏறிய நஷ்டத்தைவிடப் பெரிது. விதி பொய்யாகவில்லை, இன்னொரு விதி அதைவிட வலுவாக வேலை செய்தது. ஆகவேதான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வளைவில் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஓலியின் லிமோசினிலும் அதைத்தான் செய்தார்கள்.

ஸ்பிரிங்கை அறுப்பதற்கு வருவோம். சுருள்வில்லில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது உலகெங்கும் நடக்கிறது. இன்னும் மோசமாக, நெருப்பு வைத்துச் சுருளைச் சூடாக்கி உட்காரவைப்பதும் உண்டு. அதில் எஃகின் பதமே போய்விடுகிறது. சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைக்கிறது, அமுங்க இடமும் குறைகிறது, சிறு பள்ளத்திலேயே கை ரப்பர்த் தடுப்பில் மோதுகிறது. மோதிய அந்தக் கணத்தில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை, டயர் மட்டுமே மிச்சம். இதைவிட நுட்பமான கேடு இன்னொன்று. வண்டியைத் தாழ்த்தும்போது எடை மையம் இறங்குகிறது, நல்லதுதான். ஆனால் பல பழைய முன்பக்க அமைப்புகளில், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அந்தத் தூரம்தான் சாய்வின் நெம்புகோல். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தினவர் சாய்வின் கையில் நீண்ட கோலைக் கொடுக்கிறார். இம்பாலா எஸ்எஸ்ஸை ஓர் அங்குலத்தோடு நிறுத்தியவர்கள் இதை அறிந்தவர்கள்.

கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் 1964 இம்பாலாவைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஹைட்ராலிக் பம்புகளால் எழுப்பி இறக்கி, ஊர்வலமாக மெல்ல ஓட்டுவதை இந்தக் குற்றப்பட்டியலில் சேர்க்கக் கூடாது. மெதுவாகப் போவதே அந்தக் கலையின் நோக்கம். வளைவில் வேகமாகத் திரும்புவேன் என்று அவர்கள் எவரிடமும் சொல்லவில்லை.

மென்மையும் பிடிப்பும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு ஐரோப்பாவில் இன்னும் அழகான சான்றுகள் உண்டு. எண்ணெயும் வாயுவும் கொண்ட கோளங்கள் மேல் மிதக்கும் சிட்ரோயன் டிஎஸ் 1955இல் வந்தது. போல் மாஜெஸ் என்ற, முறையான பொறியியல் பட்டம் இல்லாத மனிதரின் சிந்தனை அந்தச் சஸ்பென்ஷன். அதன் எளிய வடிவமான ஐடி 19 கார் 1959இல் பனி படர்ந்த மான்டி கார்லோ ராலியை வென்றது. சாய்ந்து சாய்ந்து, நான்கு டயரையும் தரையிலிருந்து எடுக்காமல் வென்றது. 1968இன் ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரில் பாப் நைட் தலைமையிலான பொறியாளர்கள் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் தனிச் சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தை ரப்பர் மேல் நிறுத்தினார்கள். டன்லப் நிறுவனம் அந்தக் காருக்கென அகலமான டயரை உருவாக்கிக் கொடுத்தது. சாலையின் சத்தம் உள்ளே வராத கார், அதே நேரம் பந்தயக்காரர்களும் மதித்த கார்.

நமக்கு நெருக்கமான ஒரு சான்றும் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் லண்டன் சிட்னி ராலி ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமானது. ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்து, சென்னையில் கார்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். வென்றது ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய மெர்சிடிஸ் 280இ, இரண்டாவதும் அதே வகைக் கார், மூன்றாவது டிஎஸ்ஸின் வாரிசான சிட்ரோயன் சிஎக்ஸ். மூன்றுமே குடும்பத்தோடு போகும் பெரிய நாற்கதவு வண்டிகள். விறைத்த சிறு கார்கள் நொறுங்கும் சாலைகளில் நெடும்பயணத்தைத் தாங்கியது நீண்டு அமுங்கும் ஸ்பிரிங்கும் அதை அடக்கும் நல்ல ஷாக்கும்தான்.

பழைய காரில் கை வைக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவாவின் தூரின் சாசனம், பாதுகாப்பாக ஓட்டுவதற்குத் தேவையான மாற்றங்களை ஏற்கிறது. அவை முடிந்தவரை சிறியவையாகவும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோகக் கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நியாயமான கோரிக்கை. ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிடலாம், ஷாக்கை மாற்றிக்கொள்ளலாம், தகடுகளைத் திரும்ப வைக்கலாம். வெட்டிய சேஸிஸை ஒட்ட முடியாது. நவீன கார் ஒன்றின் முன்பக்கம் முழுவதையும் அறுத்தெடுத்து பழைய இம்பாலாவுக்கு வெல்டிங் செய்கிறவர்கள் கைத்திறன் மிக்கவர்களே. ஆனால் அப்படி வரும் வண்டி ஓடுவதில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், 1934இலிருந்து தொடர்ந்து வந்த ஒரு சிந்தனையின் சாட்சியாக அது இனி இருக்காது. நான்கு கைகளும் ரப்பரும் சுருள்வில்லும் சேர்ந்து எப்படி இரண்டு டன்னைத் தாங்கின என்பதை அதனிடம் கற்க முடியாது.

ஆகவே இப்படியொரு பெரிய பழைய காரைக் கொட்டகையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. கையில் இருக்கும் பணத்தை முதலில் ரப்பருக்கும், அடுத்து நல்ல ஷாக்குக்கும் டயருக்கும், அதற்குப் பிறகு ஒரு ஆன்டி ரோல் பாருக்கும் செலவிடுங்கள். ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் தடவி, எந்தப் பக்கத்துடையது என்று சீட்டு எழுதிக் கட்டி, எடுத்து வையுங்கள்.